இளவரசி மேலே, ஊர்கள் கீழே

தங்காக் நகரைத் தாண்டி சிகாமட் நோக்கிப் போகும் 23ஆம் எண் கூட்டரசுச் சாலை, கொஞ்ச தூரத்திலேயே செம்பனைக் காட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இரு பக்கமும் அளந்து நட்ட மரங்கள், இடையிடையே செம்மண் சடக்குகள், குலை ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள். இடப் பக்கம் தலையைத் திருப்பினால் லேடாங் மலை. ஜொகூர் மாநிலத்திலேயே உயரமான மலை இதுதான், 1,276 மீட்டர். நீலகிரியைப் பார்த்தவருக்கு இந்த எண் சாதாரணமாகப் படலாம். ஆனால் நீலகிரி மலைகளுக்கு நடுவே நிற்கும் மலை. லேடாங்குக்குப் பக்கத்தில் துணைக்குக்கூட இன்னொரு பெரிய மலை கிடையாது. தட்டை நிலத்திலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்பதால் மூவார் கரையிலிருந்தும் தெரிகிறது. மலாக்கா நீரிணையில் போன பழங்கால மாலுமிகளுக்கும் அதுவே அடையாளம்.

மலையின் காலடியில் சாலையோரமாக இருக்கும் சிற்றூர் சாகில். சில கடைகள், மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகள், பழத்தோப்புகள், அருவிக்குப் போகும் திருப்பம். மலை ஏற வருபவர்கள் இங்கே தண்ணீரும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மேலே போகிறார்கள். மறுநாள் முழங்கால் வலியோடு இறங்கி வந்து, ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துவிட்டு நெடுஞ்சாலையைப் பிடிக்கிறார்கள். சாகிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அவர்களுக்கு வழியில் வரும் இடங்கள், அவ்வளவுதான். எல்லாருடைய கண்ணும் மேலேயே இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்.

மலாய் இலக்கியத்தின் தலையாய வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் வருகிறாள் லேடாங் மலை இளவரசி. 1488 முதல் மலாக்காவை ஆண்ட சுல்தான் மஹ்மூத் ஷா, மனைவியை இழந்த பின் அந்த இளவரசியை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறார். மலாக்காத் தளபதி ஹங் துவா உள்ளிட்ட தூதுக் குழுவில், காற்றும் மேகமும் சூழ்ந்த மலையின் உச்சித் தோட்டம்வரை போய்ச் சேருபவன் துன் மமாட் மட்டுமே. அங்கே ஒரு கிழவி இளவரசியின் நிபந்தனைகளைச் சொல்கிறாள். மலாக்காவிலிருந்து மலைவரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம். ஏழு தாம்பாளம் கொசுவின் இதயம். ஏழு தாம்பாளம் கண்ணுக்குத் தெரியாத கிருமியின் இதயம். ஒரு சாடி கண்ணீர், ஒரு சாடி இளம்பாக்குச் சாறு. ஒரு கிண்ணம் சுல்தானின் இரத்தம், ஒரு கிண்ணம் அவர் மகன் ராஜா அகமதுவின் இரத்தம். மற்றதெல்லாம் தரலாம், இரத்தம் மட்டும் தர முடியாது என்று சுல்தான் பின்வாங்கிவிடுகிறார். மறுப்பை இவ்வளவு நாகரிகமாகச் சொன்ன பெண் உலக இலக்கியத்தில் அதிகம் பேர் இல்லை.

தமிழ் வாசகர் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று இந்தக் கதைக்குள் இருக்கிறது. பெண் கேட்டுப் போன அந்தச் சுல்தானின் மரபைத் தோண்டினால் தென்னிந்தியத் தொடர்பு வருகிறது. கலிங்கத்தார் நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தான் என்பவரை அதே நூல் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்து மலாய்ப் பேச்சில் கலிங்கத்தார் என்றால் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர். மணி புரிந்தானின் மகள் துன் வாத்தி மலாக்கா சுல்தானை மணந்தாள். அவள் மகன் காசிம்தான் பின்னாளில் சுல்தான் முஸாஃபர் ஷா ஆனான். அவனுக்கு மகன் மன்சூர், மன்சூருக்கு அலாவுதீன், அலாவுதீனுக்கு மஹ்மூத். ஆக, லேடாங் இளவரசியிடம் மூக்குடைபட்டவருக்குத் துன் வாத்தி எள்ளுப்பாட்டி. இதை வைத்து யாரும் மலையை உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ரப்பர் காலத்தில்தான் தமிழர் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு சாகிலில் இறங்குபவர், அந்தக் கணக்கைச் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் தள்ள வேண்டும்.

இளவரசிக்குச் சினிமா 1961லேயே கிடைத்தது. 2004இல் தியாரா ஜாக்கலீனா நடிப்பில் சாவ் தியோங் ஹின் இயக்கிய படம் வந்த பிறகு, மலேசியாவில் லேடாங் என்றால் ஹங் துவாவும் இளவரசியும் காதலர்கள் என்றே ஒரு தலைமுறை நம்புகிறது. மூலநூலில் அப்படிக் காதல் எதுவும் இல்லை. ஹங் துவா அதில் வயதான தளபதி. மலையுச்சிவரை ஏறக்கூட இல்லை.

வெளிநாட்டார் தேடியது வேறு. மலாக்காவில் பிறந்தவரும், போர்ச்சுகீசியத் தந்தைக்கும் பூகிஸ் தாய்க்கும் மகனுமான எரேடியா, 1613இல் எழுதிய மலாக்கா பற்றிய விவரணையில் இந்த மலையையும் குகையில் வாழும் மாயப் பெண்ணையும் எழுதிவைத்தார். ஐரோப்பிய வரைபடங்களில் மலைக்கு ஓபிர் என்று பெயர் விழுந்தது. சாலமோன் மன்னனுக்குப் பொன் போன நாடாக விவிலியம் சொல்லும் ஓபிர் அது. பெயரில் ஆசை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முழுக்கக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. மலைக்கு வடக்கே நெகிரி செம்பிலான் பக்கம் கெமெஞ்சேயை ஒட்டிய சிந்த்ராஸில் 19ஆம் நூற்றாண்டில் பொன் தோண்டினார்கள். மூவார் ஆற்றின் வழியே படகில் மேலேறி, ஜெம்போல் பக்கம் சிறிது தூரம் படகைத் தரையில் இழுத்துப் போய், பகாங் ஆற்றுப் படுகைக்கு மாறிக் கிழக்குக் கடலை அடையும் பழைய வணிகப் பாதையும் இந்த வட்டாரத்தைத் தொட்டே போயிற்று.

1854இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து இங்கே வந்தார். டார்வினுக்கு இணையாகப் பரிணாமக் கொள்கையைக் கண்டவர் என்று பின்னாளில் பெயர் பெறப் போகும் அவர் அப்போது மலாய்த் தீவுக்கூட்டத்துக்குப் புதியவர். கூடவே ஆறு மலாய்க்காரர்கள். காட்டில் அட்டைக் கடி, சாய்ந்து கிடக்கும் பாறைச் சரிவான பாடாங் பத்து, பாறை வெடிப்புகளில் செழித்த அரிய பெரணிகள், குடுவைச் செடிகள். தாகம் தாங்காமல் குடுவைக்குள் தேங்கிய நீரை, மிதந்த பூச்சிகளை ஒதுக்கிவிட்டுக் குடித்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது என்று பதிவு செய்தார். ஆர்கஸ் என்னும் பெரிய காட்டுக்கோழியின் குரல் எங்கும் கேட்டது; பறவை ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. யானை, காண்டாமிருகத் தடங்களையும் பார்த்தார். இன்று அந்தக் காண்டாமிருகம் தீபகற்பத்திலேயே இல்லை.

அவர் நடந்த பாடாங் பத்து இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள சாகில் நுழைவாயிலில் பெயரைப் பதிந்து, வழிகாட்டியைச் சேர்த்துக்கொண்டுதான் ஏற முடியும். தொடக்கத்தில் அருவியை ஒட்டிய படிகள், குடும்பத்தோடு குளிக்க வந்தவர்கள், பொட்டலம் பிரிக்கும் சத்தம். அவர்களைத் தாண்டியபின் காடு கனக்கிறது. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகிப் பாசி படர்கிறது. கயிறும் ஏணியும் இல்லாமல் கடக்க முடியாத செங்குத்துப் பாறைக்கு ஏறுவோர் வைத்த பெயர் ‘கே.எஃப்.சி.’. ஏறுபவனைக் கொல்லும் இடம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. கோழிப் பொரியல் கடையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வானம் தெளிந்த நாளில் உச்சியிலிருந்து நீரிணை தெரியும். மலைமேல் தொலைக்காட்சி, தொலைத்தொடர்புக் கோபுரங்களும் உண்டு. அவற்றுக்காகப் போட்ட தார்ச்சாலை மலையின் பாதிக்கு மேல் வளைந்து ஏறுகிறது. மூவார், மலாக்கா வட்டாரத்து வீடுகளுக்கு எத்தனையோ ஆண்டுகள் படம் காட்டியது இந்த மலைதான்.

இளவரசியின் தோட்டத்தை நூலில் படிக்கலாம். மனிதர்கள் போட்ட தோட்டத்தைப் பார்க்க மலையின் மறுபக்கம் போக வேண்டும்.

தங்காக்கிலிருந்து வடக்கே போகும் சாலை மலாக்கா மாநில எல்லையைத் தாண்டி அசஹானுக்கு இட்டுச் செல்கிறது. லேடாங்கின் மேற்குச் சரிவு இங்கே இறங்குகிறது. அருவி ஒன்று உண்டு, மலையேற இன்னொரு வழியும் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் மலாயாவின் தலையெழுத்தை மாற்றிய தோட்டங்களில் ஒன்று இந்தச் சரிவில்தான் போடப்பட்டது.

சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த டான் டோக் செங்கின் பேரன் டான் சாய் யான். மலாக்காவில் மரவள்ளி பயிரிட்டு வந்தவர். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. காப்பி பயிரிட்டவர்கள் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். கேட்டவர் டான் சாய் யான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் சொச்சத்தில் நட்டுப் பார்த்தார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். நம்பிக்கை வந்ததும் லேடாங் அடிவாரத்துக்கு வந்து, புக்கிட் அசஹானில் சுமார் 3,000 ஏக்கரில் மரவள்ளியோடு ரப்பரைக் கலந்து நட்டார். கார் சக்கரத்துக்கு உலகம் ரப்பர் தேடி அலைந்த 1906இல் அந்தத் தோட்டம் ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்கு மாறியது. சோதனையாகத் தொடங்கிய பயிர் பிறகு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சாகில், தங்காக், ஜெமந்தா, சிகாமட் என்று காட்டைத் தின்றுகொண்டே போயிற்று.

காட்டை வெட்ட, மரம் வைக்க, பால் வெட்ட ஆள் வேண்டும். 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. கங்காணிகள் தலைப்பாகையும் வெள்ளிக்காசுமாகச் சொந்த ஊருக்குப் போய்ச் சாதிசனத்தைத் திரட்டி வந்தார்கள். சேலம், தஞ்சாவூர், திருச்சி, வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறின. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை வரத்து நிற்கவில்லை.

அந்த உலகத்துக்கென்று ஒரு தமிழ் உருவானது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். வெட்டிய கோட்டில் வழியும் பால் மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும்; முற்பகலில் வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பு போட்டுத் தோளில் தூக்கி நிறுவைக்குக் கொண்டுபோவார்கள். மரத்தில் காய்ந்தது ஒட்டுப்பால், அதற்குத் தனிக் கணக்கு. பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே தண்டல். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. மலையடிவாரத் தோட்டத்தில் மழைக்கா பஞ்சம்? இளவரசி ஒரு சாடி கண்ணீர் கேட்டதைக் கேட்டு வியப்பவர்கள், லயத்து வரிசை வீடுகளில் கணக்கெடுத்திருக்கலாம்.

ஆனால் அடிவாரத்துத் தமிழர் வரலாறு கண்ணீர் மட்டும் அல்ல. 1967இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, நியாயம் கேட்டுக் கால்நடையாகவே கோலாலம்பூருக்குப் புறப்பட்டார்கள். லேடாங் அடிவாரத்திலிருந்து தலைநகர் நூறு மைலுக்கு மேல். மலேசியத் தொழிற்சங்க வரலாற்றில் இந்த நடைப்பயணத்துக்கு இணையாகச் சொல்லத்தக்கவை குறைவு. மலையேற வருபவர்களுக்கு வைத்த தகவல் பலகையில் இளவரசிக்கு இடம் இருக்கும்போது இவர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

அந்தப் பத்தாண்டுகள் தோட்டத் தமிழருக்கு எல்லாப் பக்கமும் நெருக்கடி. ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடலில் லயமும் போனது, வேலையும் போனது. அதைத் தடுக்க 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்; தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கினார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றாயிற்று. பிறந்த மண்ணிலேயே அந்நியராகிப்போன சுமார் 60,000 பேர் கப்பலேறித் தமிழகம் திரும்பியதாகச் சொல்லப்படுகிறது.

அடுத்து மரமே மாறியது. ரப்பருக்கு நாள்தோறும் கை வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள் குறைந்தது. இன்று அடிவாரத் தோட்டங்களில் நீண்ட கழியில் கட்டிய அரிவாளோடு குலை இறக்குபவர் பெரும்பாலும் இந்தோனேசியர் அல்லது வங்காளதேசத்தார். லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஜொகூர் பாருவில் தொழிற்சாலையிலும் சிங்கப்பூரில் ஷிஃப்ட்டிலும் இருக்கிறார்கள். ஆனால் பல தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறி, பட்டணத்துக் குடியிருப்புக்கே வந்த பிறகும் பெயர்ப்பலகையில் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்றே எழுதிவைத்திருக்கின்றன. வெளியூர்க்காரருக்கு இது விசித்திரம். ஊர்க்காரருக்கு அது விலாசம்.

சாகிலுக்குத் திரும்பி அதே 23ஆம் எண் சாலையில் தொடர்ந்தால் ஜெமந்தா வருகிறது. கடைவீதி, அதன் பின்னால் வீடுகள்; கடந்து போக ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் 1879இல் இங்கே ஒரு போர் நடந்தது. மூவார் யாருக்கு என்ற சண்டை. 1877இல் மூவாரை ஆண்ட சுல்தான் அலி இறந்ததும் அந்தப் பகுதி ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கார் கைக்கு வந்தது. அலியின் மகன் துங்கு ஆலமின் ஆதரவாளர்கள் எதிர்த்து எழ, ஜெமந்தாவில் அடக்கப்பட்டார்கள். இன்று சாகிலில் பறப்பது ஜொகூர் கொடியாக இருப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

அடுத்த போர் உலகப் போர். 1942 ஜனவரி 14 அன்று கெமாஸுக்கு மேற்கே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியரைத் தாக்கியது. அதே வேளையில் தெற்கே மூவார் ஆற்றங்கரையைக் காத்தது 45ஆவது இந்தியப் படையணி. பயிற்சி முடியாத இளைஞர்கள். சில நாட்களில் சிதைந்தது. பின்வாங்கிய இந்திய, ஆஸ்திரேலிய வீரர்களில் நடக்க முடியாத காயக்காரர்களைப் பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுப் போக நேர்ந்தது. அவர்களை ஜனவரி 22 அன்று ஜப்பானியர் கொன்றார்கள். சண்டை ஓய்ந்தபின் தோட்டங்களுக்குள் வந்த ஆபத்து இன்னும் பெரிது. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து சுமார் 75,000 தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பெரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றிச் சென்ற கதைகள் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தத் துயரத்தைப் பேசுகிறது.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948இல் அவசரகாலம். மூவார் ஆற்றின் மேல்பகுதியில் புக்கிட் கெப்போங் என்ற கரையோர ஊர். அதன் மரத்தாலான காவல் நிலையத்தை 1950 பிப்ரவரி 23 விடியலில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சூழ்ந்தார்கள். சரணடைய மறுத்த மலாய்க் காவலர்களும் அவர்கள் குடும்பத்தாரில் சிலரும் மாண்டார்கள். அதே ஆண்டில் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் கட்டிய புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்ட லயங்களுக்கும் வேலி வந்தது, அரிசிக்குப் பங்கீடு வந்தது. லேடாங் வட்டாரத்தில் சீனர்கள் வாழும் நேர்கோட்டுத் தெருக்களைப் பார்த்து யார் இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டது என்று வியப்பவர்களுக்கு விடை இராணுவ வரைபடத்தில் இருக்கிறது.

அடுத்த திட்டமிட்ட குடியேற்றம் மலாய்க்காரர்களுக்கு. 1956இல் தொடங்கிய அரசு நில மேம்பாட்டு அமைப்பான ஃபெல்டா, நிலமற்ற குடும்பங்களைக் கொண்டுவந்து ஆளுக்குப் பத்து ஏக்கர் சொச்சம் கொடுத்துக் குடியமர்த்தியது. சிகாமட் பக்கம் அத்தகைய குடியேற்றங்கள் பல. கடற்கரைப் பக்கமோ வேறு கதை. மூவார், பத்து பகாட் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து ஊராக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஜாவாக்காரர்கள். அந்த ஊர்ப் பெயர்கள் பலவும் பாரிட் என்று தொடங்கும், வாய்க்கால்தான் ஊர். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் காட்டுக்குள் இருந்த தெமுவான் பழங்குடியினர் வட ஜொகூரிலும் மலாக்காவிலும் சிறு குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வெட்டி நடும் ஒவ்வொரு அலையிலும் அதிகம் இழந்தவர்கள் அவர்களே.

ஆக, இந்த அடிவாரத்தில் ‘காலங்காலமாக’ இருக்கும் ஊர் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். பொன்னுக்கும் மிளகுக்கும், பின்னர் காம்பியர், மரவள்ளி, ரப்பர், செம்பனைக்கும் வந்தவர்கள் போட்ட ஊர்கள் இவை; சில அரசாணையால் ஒரே ஆண்டில் முளைத்தவை. பயிர் மாறும்போதெல்லாம் யார் எங்கே இருப்பது என்பதும் மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்தில் கெட்டிக்காரத்தனமாகப் பிழைத்துக்கொண்ட ஊர் தங்காக். 2008இல் மூவாரிலிருந்து பிரிந்து லேடாங் மாவட்டமானது, பின்னர் தங்காக் மாவட்டம் என்று தன் பெயரையே எடுத்துக்கொண்டது. வெளியூரார் இங்கே நிறுத்துவது துணிக்காக. கடைவீதி நெடுக ஜவுளிக்கடைகள். நோன்புப் பெருநாளுக்கு முன் ஜொகூரின் மூலைமுடுக்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பஸ் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பாஜூ குரோங் துணி ஒரு பக்கம், திரைச்சீலை ஒரு பக்கம். தீபாவளி நெருங்கும்போது தமிழ்க் குடும்பங்களும் இந்தத் தெருவுக்கு வந்து சேரும். மாட்டிறைச்சி நூடுல்ஸ் இந்த ஊர்ச் சீனச் சமையலின் பெருமை. மாட்டிறைச்சி உண்ணாதவருக்கும் குறை இல்லை, ரொட்டி சானாயும் மீன் கறியும் நடந்து போகும் தூரத்தில். மூவார்வரை போக மனம் இருந்தால் மீ பாண்டோங், பாரிட் ஜாவாவில் புளி தூக்கலான அசாம் பெடாஸ்.

பயணத்துக்கு நல்ல காலம் எது என்று சாகிலில் கேட்டால் டுரியான் காலத்தைத்தான் சொல்வார்கள். ஆண்டின் நடுவில் சாலையோரப் பந்தல்களில் குவியும் பழத்தை முகர்ந்து, தட்டிக் கேட்டு, பேரம் பேசி, அங்கேயே உடைத்துத் தின்பார்கள். வாடகைக் காரில் பழம் ஏற்றினால் ஓட்டுநரின் முகம் மாறும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். தவிர்க்க வேண்டியது ஆண்டின் இறுதியும் அடுத்த ஜனவரியும். வடகிழக்குப் பருவமழையில் அருவி நிறம் மாறினால் ஏறுவோரை நிறுத்திவிடுவார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட் நகரம் மூழ்கியது, 2011இல் மறுபடி. 2023இல் வெள்ளம் மார்ச் மாதத்தில் வந்தது. பருவக் கணக்கையும் இனி முழுக்க நம்ப முடியாது என்று தோட்டத்தார் சலித்துக்கொள்கிறார்கள்.

தமிழ் வாசகர் இன்னொரு காலத்தையும் கணக்கில் வைக்கலாம். தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி, மதுரை வீரன் கோயில்களின் ஆண்டுத் திருவிழா. லயம் இடிந்து பல ஆண்டுகள் ஆன இடத்தில்கூடச் செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் புது வண்ணத்தோடு நிற்கும். திருவிழாவன்று செம்மண் சடக்கில் வரிசையாகக் கார்கள். எண் தகடுகளில் ஜொகூர், சிலாங்கூர், நடுவே சிங்கப்பூர். “என்ன மாமா, பசியாறியாச்சா?” என்று கேட்டபடி இறங்குபவர்களுக்கு எந்த மரத்தடியில் எந்த வீடு இருந்தது என்பது மனப்பாடம். அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவும்போது கோயில் குழுவின் கூட்டம் தொடங்கும். பேசப்படும் பொருள் பல இடங்களிலும் ஒன்றுதான்: தோட்டம் கைமாறிவிட்டது, கோயில் நிற்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை. புது முதலாளியிடம் மனு கொடுப்பதா, மாவட்ட நில அலுவலகத்துக்குப் போவதா, இப்போதே பணம் திரட்டிப் பட்டணத்தில் இடம் வாங்கிவிடுவதா என்று இளைஞர்களும் பெரியவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, அடுத்த கூட்டத் தேதியைக் குறித்துக்கொண்டு கலைவார்கள்.